பத்தொன்பது ஊருக்கும் ஒரே இருமல்

ஆபீஸில் அவளுக்குக் கண்சாட்சி என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் பொய்யில்லை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்குச் சரிபார்ப்பு வேலை. குழந்தை பிறந்திருக்கிறது என்று மனு வந்தால், அந்த வீட்டுக்குப் போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏட்டில் ஏற்றுவாள். யாராவது இறந்துவிட்டார் என்றாலும் அப்படியே. சில வீடுகளில் உடலை எடுப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்த நாளும் உண்டு. "பொழுது விடிஞ்சிருச்சுன்னு சொன்னாலும் மாடியேறிப் பார்த்துட்டுத்தான் பல்லு விளக்குவா" என்று அவள் கணவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவளிடம், போய்ப் பார்க்காமலே ஒரு கையெழுத்துக் கேட்டார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன் அந்த அலுவலகம் காகித ஏட்டை மூடிவிட்டு பிளாக்செயினுக்கு மாறியிருந்தது. கொண்டுவந்தது ஒரு தனியார் கம்பெனி. கம்பெனியின் சார்பில் வந்து பேசியவர் அவளுடைய தங்கையின் கணவர். நல்ல மனுஷர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. ஆபீஸின் பெரிய அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, பலகையில் பத்தொன்பது வட்டம் போட்டு, ஒன்றோடு ஒன்றைக் கோடு இழுத்துக் காட்டினார்.

"ஏடு ஒரே இடத்துல இருந்தா ஒரு தீக்குச்சி போதும், கதை முடிஞ்சுது. இது பத்தொன்பது ஊர்ல, பத்தொன்பது சாட்சிகிட்ட இருக்கு. ஒருத்தர் பொய் சொன்னா மத்த பதினெட்டுப் பேரும் காட்டிக் குடுத்துருவாங்க. பதினெட்டு ஊர் அழிஞ்சாலும் மிச்சமிருக்கிற ஒண்ணு எடுத்துக் குடுக்கும். எங்க கம்பெனிகிட்டகூட தனியா பிரதி கிடையாது. யாரையும் நம்ப வேண்டாம், எங்களையும் நம்ப வேண்டாம். அதுதான் இதோட அழகே."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், தங்கை வீட்டுக்காரர் பேசும்போது கையைக் கட்டிக்கொண்டா உட்கார முடியும்?

அன்றிலிருந்து புதுப் பதிவெல்லாம் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. கீழ்த்தளத்தில் கிடந்த நூறு வருடத்து ஏடுகளையும் ஆள் வைத்துத் தட்டச்சு செய்து உள்ளே ஏற்றினார்கள். இப்போது அந்த ஏடுகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைக் கூழாக்க லாரிக்குச் சொல்லியாயிற்று. விதிப்படி ஒன்றே ஒன்றுதான் பாக்கி: பத்தொன்பது இடத்திலும் பிரதி இருப்பதை உறுதி செய்தேன் என்று சரிபார்ப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"பத்தொன்பது விலாசத்தையும் குடுங்க சார், போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள் அவள். மேலதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். லாரி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும் என்று பட்டியலைக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு விலாசத்துக்கும் பக்கத்தில் ஒரு போன் நம்பரும் இருந்தது.

முதல் ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே ஒரு ஆண் குரல் எடுத்தது. நிதானமான, நடுவயதுக் குரல்.

"வணக்கம். எல்லாம் சரியா இருக்கு. எல்லாரும் ஒத்துப்போறாங்க." பிறகு ஒரு சின்ன இருமல், தொண்டையில் ஏதோ நூல் மாட்டிக்கொண்டதுபோல.

நாளைக் காலையில் நேரில் வருவதாக அவள் சொன்னாள்.

"சரிங்க, பார்த்துக்கிறேன்" என்றது குரல்.

மறுநாள் போனால், அங்கே யாரும் இல்லை. ஒரு பல் டாக்டரின் மருத்துவமனைக்கு மேலே, நடைக்கோடியில், பூட்டிய ஒற்றை அறை. டாக்டரம்மா ஒரு சாவியும், அறையை எடுத்தவர் கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்றும் வைத்திருந்தார். "இவ்வளவு அமைதியான குடித்தனக்காரரை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட்டார். "ஒரு பல்லு வலின்னுகூடக் கீழ இறங்கி வந்ததில்லை."

உள்ளே ஒரு மேசை. மேசைமேல் இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் நெற்றியில் பச்சை விளக்கு. பெட்டிக்கு எதிரே ஒரு மடக்கு நாற்காலி, விரித்தபடி, யாரோ உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல. ஆனால் இருக்கையில் விரல் கனத்துக்குத் தூசி.

அவள் பழக்கதோஷத்தில் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு அவளுக்குத் தெரியாததல்ல. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஊரிலும் அதே கதை. போன் செய்தபோது எல்லாம் சரியாக இருந்தது, எல்லாரும் ஒத்துப்போனார்கள், நூல் மாட்டிய இருமல் ஒன்று. போய்ப் பார்த்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே பூட்டிய அறை, பச்சை விளக்கு, அதே மாதிரி மடக்கு நாற்காலி, அதே கோணத்தில். கம்பெனியே எல்லா ஊருக்கும் ஒரே சாமான் வாங்கிப் போட்டிருக்கும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். இருமலையும் வாங்கிப் போட்டிருக்குமா என்றுதான் திரும்பி வரும் பஸ்ஸில் யோசனை ஓடியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் செய்பவர். மற்றதையெல்லாம் காதில் வாங்காதவர், பெட்டி சில்லென்று இருந்தது என்றதும் தலையைத் தூக்கினார். "ஐஸ் பெட்டியே பின்பக்கம் சுடும். வேலை செய்யற மெஷின் எதுவும் சில்லுன்னு இருக்காது" என்றார். மூன்றாவது ஊருக்கு அவரும் ஸ்க்ரூடிரைவரோடு கூட வந்தார்.

அது ஒரு அச்சகத்தின் பின்கட்டு. அச்சகக்காரரின் சம்மதத்தோடு அவர் பெட்டியின் முதுகைக் கழற்றினார். ஆறு திருகாணி. தகட்டை எடுத்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே வெறுமை. ஒரு மூலையில் பேட்டரி, அதிலிருந்து விளக்குக்கு ஒரு ஒயர், பக்கத்தில் தீப்பெட்டி அளவு ஒரு சின்ன சாதனம். அது நிமிடத்துக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

"இது 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு எங்கேயோ சொல்லிட்டிருக்கு. அவ்வளவுதான்" என்றார் கணவர். "இருக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லை."

அச்சகத்து வாசற்படியில் உட்கார்ந்து அவள் பட்டியலை எடுத்தாள். நாலாவது ஊருக்குத் தன் போனில் அடித்தாள். அது எடுக்கப்படும் முன்பே கணவரின் போனை வாங்கிப் பதினோராவது ஊருக்கும் அடித்தாள். ஒரு காதில் ஒன்று, மறு காதில் ஒன்று.

"வணக்கம். எல்லாம் சரியா இருக்கு" என்றது இடது காது. அது முடிவதற்குள் வலது காதில் அதே குரல் ஆரம்பித்தது. இருமல் இந்தக் காதில் ஒருமுறை கேட்டது. அடுத்த நொடி, தலைக்குள்ளேயே ஓடிப்போய் அந்தப் பக்கம் வந்ததுபோல, அந்தக் காதில் ஒருமுறை கேட்டது.

நட்டநடு மத்தியானம். எதிரே ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்து நின்றது.

"ஐயா, நீங்க யாரு?" என்றாள், இரண்டு போனிலும்.

"சரிங்க, பார்த்துக்கிறேன்." "சரிங்க, பார்த்துக்கிறேன்."

அச்சகக்காரர்தான் வழி காட்டினார். அறையை வாடகைக்கு எடுத்தவர் எழுதிக்கொடுத்த கடிதம் அவரிடம் இருந்தது. பல் டாக்டரம்மாவின் சீட்டில் பார்த்த அதே கையெழுத்து. ஆயுசு முழுக்கக் கையெழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு பார்வை போதும். கீழே விலாசம். படித்துவிட்டு மறுபடி படித்தாள். அவள் வேலை செய்யும் அதே ஊர். ஆபீஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அடுத்த நாள் மதியம் போனாள். முன்பு சலவை நிலையமாக இருந்த கட்டடம். பெயர்ப்பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் சுவரில். தெருவில் நிற்கும்போதே ஒரு ரீங்காரம் கேட்டது. காதில் கேட்டது என்பதைவிட, பல்லில் கேட்டது என்று சொல்லலாம்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் துணிக் கூடை. ஆபீஸின் பெயரைச் சொன்னதும், "அவர் இல்லைங்களே" என்றாள். கொஞ்சம் யோசித்து, "உள்ள வாங்க, வெளியில வெயில்" என்றாள்.

உள்ளே வெயிலைவிடச் சூடு. பழைய சலவைக்கூடம். தரையில் ஓடு, நடுவில் தண்ணீர் போகிற சாக்கடைக் கண், கூரை நெடுகத் துருப்பிடித்த குழாய்கள். சுவரோரம் இரும்பு அலமாரிகளில் கறுப்புக் கறுப்பாக மெஷின்கள். எண்ணினாள். பத்தொன்பது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டிய காகிதத்தில் ஒரு ஊரின் பெயர், அந்தக் கையெழுத்தில். அவற்றுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது.

"ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்சிரும்" என்றாள் அந்தப் பெண். "மழைக்காலத்துலகூட."

அவள் புருஷனைக் கம்பெனியில் ஒயர்காரர் என்று கூப்பிடுவார்களாம். பத்தொன்பது ஊருக்கும் மெஷினைக் கொண்டுபோய் வைத்தது அவர்தான். பார்த்துக்கொண்டதும் அவர் ஒருவர்தான். ஆரம்பத்தில் எல்லாம் அந்தந்த ஊரிலேயே இருந்தது. பிறகு ஓர் ஊரில் தூசி அடைத்தது, ஓர் ஊரில் மின்சாரம் போய்ப்போய் வந்தது, ஓர் ஊரில் எலி ஒயரைக் கடித்தது. இங்கே ஓடினால் அங்கே நின்றது, அங்கே ஓடினால் இங்கே நின்றது. ரிப்பேருக்கு என்று ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தார். திருப்பிக் கொண்டுபோவதற்குள் இன்னொன்று. வீட்டில் வைத்ததும் அவை மக்கர் பண்ணுவதை நிறுத்திவிட்டன. ஊர்களில் வெறும் பெட்டியும் விளக்கும் வைத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் நன்றாகவே ஒத்துப்போயின.

"மாசாமாசம் கம்பெனியிலேர்ந்து பத்தொன்பது நம்பருக்கும் போன் வரும். ஒரே பதிலைப் பத்தொன்பது தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், குரலைப் பதிவு பண்ணி மெஷினுக்குள்ளயே வெச்சிட்டார். அன்னிக்கு அவருக்கு லேசா ஜலதோஷம். அந்த இருமலும் சேர்ந்து பதிவாயிடுச்சு."

"அவர் எப்போ வருவார்?"

அந்தப் பெண் கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "அவர் தவறி அஞ்சு மாசம் ஆச்சுங்க" என்றாள்.

கம்பெனிக்குச் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, "கம்பெனி போன் பண்ணுச்சே. அவரே எடுத்துப் பேசிட்டார். நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள். அதில் கேலி எதுவும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நானும் தினம் பேசுவேன். வேலையெல்லாம் முடிச்சிட்டு ஏதாவது ஒரு நம்பருக்கு அடிப்பேன். எந்த நம்பர்ல கூப்பிட்டாலும் எடுப்பார்."

மூலையில் ஒரு வாளி இருந்தது. கூரைக் குழாயின் மூட்டிலிருந்து அதில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அலமாரிக்கும் வாளிக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். எவ்வளவு நாளாகச் சொட்டுகிறது என்று கேட்டாள் கண்சாட்சி. அவர் இருந்தபோதே ஆரம்பித்தது, அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் ஆபீஸில் கூட்டம். மேலதிகாரி, கம்பெனி சார்பில் தங்கை வீட்டுக்காரர், அவள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். தங்கை வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு, "அக்கா, யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார். மேலதிகாரி மேசைப் போனை ஒலிபெருக்கியில் போட்டு முதல் நம்பருக்கு அடித்தார்.

எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டாவது நம்பர். அங்கேயும் சரியாக இருந்தது. மூன்றாவதிலும் இருமல் வந்ததும் தங்கை வீட்டுக்காரரின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். மேலதிகாரிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "போன் எடுக்கிறாங்க, பேசறாங்க. செத்துப்போன ஆள்னு சொல்றீங்க?" என்றார்.

"ஆமா சார். அஞ்சு மாசம்."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். ஒயர்காரரின் பெயரைத் தட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். இறப்பு என்ற இடம் காலி. கீழே ஊர் ஊராகப் பச்சைக் கோடுகள். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று பத்தொன்பது சாட்சியும் ஒரே வாயாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

"பத்தொன்பது பேர் ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தக் கூடத்தில் துணி மடித்தவள் யார், தான் போனது நிஜந்தானா என்று. "நான் போய்ப் பார்த்தேன் சார்" என்று மட்டும் சொன்னாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். நீங்கள் போடாவிட்டால் துணைச் சரிபார்ப்பாளர் போடுவார் என்றார் அவர். லாரி திங்கட்கிழமை வரும்.

தங்கை வீட்டுக்காரர் வெளியே வந்ததும் படிக்கட்டில் அவளை நிறுத்தினார். "நடந்து போற தூரம்னுதானே சொன்னீங்க?" என்றார்.

அழைத்துப்போனாள். அந்த அலமாரிகளுக்கு முன்னால், வாய் ஓயாத அந்த மனுஷர் கிட்டே போய்க் குனிந்தார். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் படித்தார். பலகையில் எத்தனையோ ஆபீஸில் வட்டம் போட்டுக் காட்டிய ஊர்கள். "நான் ஒரு ஊருக்குக்கூடப் போனதில்லை அக்கா" என்றார். "போக வேண்டிய அவசியமே இல்லைங்கிறதைத்தான் நான் வித்துக்கிட்டிருந்தேன்."

உடனே மெஷின்களை நிறுத்திப் பாதி எண்ணிக்கையையாவது வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார். அந்தப் பெண் அலமாரியின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. என்ன ஆனாலும் அணைக்காதே என்று அவர் சொல்லியிருக்கிறார் என்றாள். இறப்பு மனுவைக்கூட நாலு முறை கையில் எடுத்தாளாம். "எழுத உட்காருவேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணுவேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுவார். பேப்பரை உள்ள வெச்சிருவேன்." யோசித்துச் சொல்கிறேன், ரெண்டு நாள் கொடுங்கள் என்றாள். குழாயை அடைக்கவாவது ஆள் அனுப்புகிறேன் என்றார் தங்கை வீட்டுக்காரர். சனிக்கிழமை ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கண்சாட்சியின் போன் அடித்தது. அந்தப் பெண்தான். "சத்தம் நின்னுடுச்சு" என்றாள்.

அவளும் தங்கை வீட்டுக்காரரும் ஓடினார்கள். தெருவிலேயே தெரிந்துவிட்டது: பல்லில் ஒன்றும் இல்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து படியிறங்கியிருந்தது. மூட்டு விட்டுப்போய், மாடித் தொட்டித் தண்ணீர் முழுக்க அலமாரிகள்மேல் கொட்டியிருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கணுக்கால் தண்ணீரில் ஊர்ப் பெயர் எழுதிய காகிதங்கள் மிதந்தன. பதினெட்டு ஊர் அழிந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டிய பத்தொன்பதாவது ஊரும் அதில் ஒரு மூலையில் மிதந்தது.

மாடிப்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நம்பர் பட்டியல். ஒன்றை அடிப்பாள், மணி அடித்து அடித்து ஓயும், பென்சிலால் ஒரு கோடு போடுவாள், அடுத்ததை அடிப்பாள். பதிமூன்று கோடு போட்டிருந்தாள். இவர்கள் தடுக்கவில்லை. மீதி ஆறையும் அவள் அடித்து முடிக்கும் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி மணி ஓய்ந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து மாதத்து அழுகையை அவள் அப்போதுதான் அழுதாள். கண்சாட்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கைவைத்தாள்.

தங்கை வீட்டுக்காரர் பல் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, மேலே போய்ப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு வந்து, "பச்சை விளக்கு எரியுதே, நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஆபீஸ் திரையிலும் பத்தொன்பதும் பச்சையாகவே இருந்தன. அடுத்த நாலு நாளும் அப்படியே இருந்தன, கம்பெனி ஆள் போய்ப் பேட்டரிகளைக் கழற்றுகிற வரைக்கும். கேட்டால் எந்தப் பெயருக்கும் பதில் வராது. ஆனால் எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. மேலதிகாரியே கீழே இறங்கி வந்து, மெதுவான குரலில் டிரைவரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். கீழ்த்தளத்து அறையின் சாவியை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மெஷின்களுக்குள் இருந்ததை மீட்க முடியுமா என்று கம்பெனி ஆளுக்கு மேல் ஆளாக அனுப்பிப் பார்த்தது. இரண்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க முடிந்தது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

நூறு வருடத்து ஏடுகள் தப்பின. தப்பாதது அந்தப் பதினான்கு மாதம். அதில் பிறந்தவர்கள் எந்த ஏட்டிலும் பிறக்கவில்லை, இறந்தவர்கள் எதிலும் இறக்கவில்லை. புது ஏடு ஒன்றைத் தைக்கச் சொல்லி, அவள் தெருத் தெருவாகக் கிளம்பினாள். கம்பெனி வேலையை விட்டுவிட்ட தங்கை வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். முதல் வாரம் அவர் அதிகம் பேசவில்லை. இரண்டாவது வாரம் தங்கை போன் செய்து, மனுஷர் வீட்டில் மறுபடி வாயைத் திறந்துவிட்டார், நல்லபடியாக இருக்கிறார் என்று சொன்னாள்.

ஐந்தாவது வாரம் அந்தத் தெரு வந்தது. சலவைக்கூடத்தில் தரை காய்ந்திருந்தது, அலமாரிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கண்சாட்சி அங்கேயும் கேட்டாள். அந்தப் பதினான்கு மாதத்தில் இந்த வீட்டில் பிறப்பு உண்டா? இல்லை. இறப்பு உண்டா?

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு" என்றாள். தேதி சொன்னாள். காலை பத்தே கால் மணி என்றாள். மாடிக்கு அழைத்துப்போய் அறையைக் காட்டினாள். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தாள். கண்சாட்சி பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து எழுதினாள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஏட்டைத் தங்கை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினாள் கண்சாட்சி. நேரமாகிவிட்டது, இன்னும் ஏழு வீடு பாக்கி.

அவர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"நான் அவரைப் பார்த்ததே இல்லையே அக்கா" என்றார். "உயிரோடவும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. நான் எப்படிப் போட?"

பேனாவை மூடி ஏட்டின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் அவர் வாசலில் நின்று கேட்பது உள்ளே கேட்டது. தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் ஊசியைத் தாவணி முனையில் குத்திக்கொண்டே வந்தாள், அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு ஏட்டின் முன் உட்கார்ந்தாள்.

"நான் பார்த்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரி வண்டிக்குக் கதவைத் திறந்துவிட்டதே நான்தான். எங்கே போடணும்?"